வரிவால் எந்தக் கிளை

மியூசியத்தில் அவரை எல்லோரும் ஜாடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இயக்குநர்கூட அப்படித்தான். கீழ்த்தளத்தில் மீன் பிரிவு. ஜன்னல் இல்லாத நீளமான அறை, பதினான்கு இரும்பு அலமாரிகள், அவற்றில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஆல்கஹாலில் ஊறிய மீன்கள். ஆல்கஹால் குறையக் குறைய ஊற்றி நிரப்புவது, சீட்டு எழுதி உள்ளே போடுவது, துடுப்பு முள் எண்ணுவது, ஆய்வுக்குத் தசைத் துணுக்கு வெட்டித் தருவது எல்லாம் அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். "இந்த ஊர்லயே அதிகச் சரக்கு கைவசம் வெச்சிருக்கறது நான்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் மேல்மாடி நூலகத்தில் இருக்கிறேன். மதியம் இருவரும் பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி அந்தப் படிக்கட்டில் அவர் வாயால் கேட்டது.

மீன் பிரிவின் தலைவர் டாக்டரம்மா. ஜாடியக்காவைவிட இரண்டு வயது இளையவர். அவர் இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு மீன் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கில்லி மீன்கள் என்று பெயர். விரல் நீளம்கூட இராது. மழைக்குட்டையில் பொரிந்து, சில வாரங்களிலேயே வளர்ந்து, முட்டையிட்டு, குட்டை வற்றும்போது கூண்டோடு செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். இந்தக் குடும்பத்தில் எதற்கு எது உடன்பிறப்பு, எது ஒன்றுவிட்ட உறவு, எதை எந்தப் பெயரின் கீழ் வைப்பது என்பதுதான் டாக்டரம்மாவின் வேலை.

ஆண் மீனின் வாலில் கருப்புக் கோடு இருந்தால் அது வரிவால். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவை எல்லாம் வரிவால்கள். வாலில் சிவப்புப் புள்ளி இருந்தால் புள்ளிவால். அவை மலைக்கு அந்தப் பக்கம். வரிவால்கள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அவற்றுக்குத் தனிப் பேரினம் வேண்டும் என்று முதன்முதலில் எழுதியவர் டாக்டரம்மாதான். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததே அந்தக் கருப்புக் கோடுதான் என்று சொல்லலாம்.

இப்போது டிஎன்ஏவையும் பார்த்து முழுக் குடும்பத்துக்கும் வம்ச மரம் போடலாம் என்று இறங்கினார்கள். மொத்தம் நாற்பத்தொரு இனங்கள். ஜாடியக்கா ஒவ்வொரு மீனிலிருந்தும் அரிசி நொய் அளவு தசையை வெட்டி, எண் எழுதிய சின்னக் குழாய்களில் போட்டுக் கொடுத்தார். கணக்கு ஓட்டி மரம் போட்டவர் மேல்மாடிக் கம்ப்யூட்டர் சார். ஒரு திங்கட்கிழமை காலை அந்த மரத்தை நீளக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து மீன் பிரிவின் சுவரில் ஒட்டினார்.

நாற்பது மீன்கள் எதிர்பார்த்த இடத்தில் இருந்தன. பதினேழாம் எண் மட்டும் இல்லை. அது வரிவால். வாலில் கோடு பளிச்சென்று இருக்கும். ஆனால் மரத்தில் அது மலைக்கு அப்பால் இருக்கும் புள்ளிவால்களோடு போய் உட்கார்ந்திருந்தது.

"குழாய் மாறியிருக்கும்னு நெனைக்கறேன்" என்றார் கம்ப்யூட்டர் சார். "பதினெட்டு புள்ளிவால்தான? அந்தக் குழாய்ல டிஎன்ஏ கெட்டுப்போய் ஒண்ணும் வரல. பழைய மரத்துல இருந்த இடத்துலயே அதை வெச்சிருக்கேன். ஒருவேளை ரெண்டும் இடம் மாறியிருந்தா? இதுல இருக்கறது அந்தப் புள்ளிவாலா இருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் ஜாடியக்காவுக்கு. 

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு வருஷமாக ஜாடியக்காவின் வலது கண்ணில் மூடுபனி. முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது, பிறகு எழுத்தெல்லாம் ஊறிப்போன மாதிரி ஆனது. இடது கண்ணும் அரைகுறைதான், அதை வைத்துச் சமாளித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய கணவரிடம்கூட. அவர் அம்மா கண் ஆபரேஷனுக்குப் போய் இருந்த பார்வையையும் பறிகொடுத்தவர். அது ஒரு பயம். மியூசியத்தில் பறவைகளைப் பாடம் செய்துகொண்டிருந்தவருக்குக் கை நடுக்கம் வந்ததும் டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். அது இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலையை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழும் பதினெட்டும் வெட்டியது ஒரு வியாழக்கிழமை. அன்று அந்த மூடுபனி மோசமாக இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழு என்ற எண்ணைப் பார்த்தால் ஒன்று மாதிரி இருந்தது. குழாய் எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டார். சரியாகத்தான் போட்டோமா? பத்து முறை யோசித்தால் ஐந்து முறை சரி என்று தோன்றும், ஐந்து முறை மாறிவிட்டது என்று தோன்றும்.

"நோட்டுல என்ன இருக்கு?" என்று படிக்கட்டில் கேட்டேன். கண் விஷயம் அப்போது எனக்கும் தெரியாது.

"நோட்டுல சரியாத்தான் இருக்கு. நோட்டையும் நான்தான எழுதினேன்?" என்றார். டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

மறுபடி வெட்டிப் பார்க்கவும் வழியில்லை. அந்த இனத்தில் மியூசியத்திடம் இருந்தவை மூன்றே மீன்கள். இரண்டு ஃபார்மலினில் போட்டவை, அவற்றில் டிஎன்ஏ தேறாது. ஆல்கஹாலில் போட்டது ஒன்று. கட்டைவிரல் நகம் அளவு இருந்த அதில் வெட்ட வேண்டியதெல்லாம் வெட்டியாகிவிட்டது.

அந்த மூன்று மீன்களையும் பிடித்தவரே ஜாடியக்காதான். அவர் கணவர் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்க்கிறவர். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவர், டிப்போவின் பின்பக்கக் குட்டையில் ஏதோ மின்னியதைப் பார்த்து, காலியான சாப்பாட்டு டப்பாவாலேயே மொண்டுவிட்டார். வேறெங்கும் அந்த இனத்தை யாரும் பார்த்ததில்லை. "மியூசியத்துக்கு மீன் சப்ளை பண்ணதே எங்க டிப்போதான்" என்று கணவர் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அதற்குப் பிறகு டிப்போவை விரிவாக்கி, குட்டையில் மண் கொட்டிச் சிமென்ட் போட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் டாக்டரம்மா ஜாடியக்காவிடம் அளந்து அளந்துதான் பேசினார். புதன்கிழமை ஜாடியக்கா கணவரிடம் கேட்டார்.

"ஏங்க, அந்தக் குட்டை முழுக்கவா மூடிட்டாங்க?"

"முழுக்கன்னு சொல்ல முடியாது. பழைய டயர் அடுக்கியிருக்கோமே, அந்த மூலையில சிமென்ட் போடல. மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்கும். ஏன், மறுபடியும் சாப்பாட்டு டப்பா தூக்கப்போறியா?"

"இப்ப தண்ணி இருக்கா?"

"வெயில் இந்தப் போடு போடுது, தண்ணிக்கு எங்க போறது? வெறும் காஞ்ச சேறுதான்."

"சேறு போதும்" என்றார் ஜாடியக்கா.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார்.  சேற்றில் முட்டை இருந்தால் பொரிக்க வைக்கலாம். மீன் வந்தால் புதிதாக வெட்டலாம். டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "இன்னிக்கே போலாம்" என்றார்.

டிப்போ மேலாளருக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. "சேறா? சேத்துக்கா லெட்டர் கொண்டாந்திருக்கீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். கணவரும் அவர் கூட்டாளிகளும் டயர்களை உருட்டி ஒதுக்கினார்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு பள்ளம், வெடித்துக் கிடந்த சேறு, மேலே எண்ணெய்க் கறை. ஜாடியக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார். எண்ணெய் ஊறிய சேற்றில் எது பிழைக்கும்? ஓரங்களில் கறை படாத இடமாகப் பார்த்து ஆறு பிஸ்கட் டின் நிறையச் சுரண்டி எடுத்தார்கள்.

மீன் பிரிவின் மேசையில் தட்டுகளை வரிசையாக வைத்து, சேற்றைப் பரப்பி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார்கள். முதல் டின்னில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கொசுப் புழு. மூன்றாவதில் தண்ணீர் கலங்கியதோடு சரி. ஒவ்வொரு நாளும் ஒரு டின்னாக நனைத்தார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்து வீணாக்கக் கூடாது என்று. அந்த நாட்களில் ஜாடியக்காவைப் பார்க்கவே சகிக்காது. மேலே வந்து நூலகத்தில் ஒரு நிமிஷம் நிற்பார், ஏதோ கேட்க வந்த மாதிரி வாயெடுப்பார், திரும்பிப் போய்விடுவார். சொந்தப் பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வருகிற மாதிரி இருந்ததாம். அதுவும் பரீட்சையை எழுதியது தானே என்பது போல.

ஐந்தாவது டின்னில், தண்ணீர் ஊற்றி நான்கு மணி நேரம் கழித்து, டாக்டரம்மா பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் "ஆ!" என்றார். கண்ணிமை முடி அளவில் ஏழு குஞ்சுகள்.

ஏழும் தங்கவில்லை. உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்த கூனி இறால் குஞ்சுகளை ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊட்டினார்கள். முதல் வாரத்தில் இரண்டு போயின. மூன்றாம் வாரம் ஒன்று. நான்கு மிஞ்சின. ஆண் மீனுக்கு வாலில் நிறம் ஏற ஐந்து வாரமாவது ஆகும். கோடு வந்தால்தான் இது அந்த இனம் என்று உறுதி. அதுவரை கை வைக்கக் கூடாது.

முப்பத்தேழாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். டாக்டரம்மா கண்ணாடித் தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, வந்துடுச்சு! கோடு வந்துடுச்சு! பாத்தீங்களா?"

ஜாடியக்கா பார்த்தார். தொட்டிக்குள் நான்கு சாம்பல் நிழல்கள் ஓடின. அவ்வளவுதான்.

"பாத்தேன் மேடம். நல்லாத் தெரியுது."

"அதை மட்டும் வலையில எடுங்க. தனியா விட்டுடுவோம்."

ஜாடியக்கா வலையை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. நான்கில் எது? இடது பக்கம் கொண்டுபோனார், வலது பக்கம் கொண்டுபோனார். மீன்கள் விலகி விலகி ஓடின. ஏதோ ஒன்றை அள்ளிவிட்டால் என்ன? அதுவாகவே இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் தனக்கே உடம்பு கூசிப்போயிற்று என்று பிறகு சொன்னார். வலையை மேசையில் வைத்தார். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேடம், எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"கோடு. மீனே சரியாத் தெரியல. வலது கண்ணு ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. அந்தக் குழாய் வெட்டின அன்னிக்கும் இப்படித்தான் இருந்தது."

டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு வருஷமா உங்க எண்ணிக்கையை வெச்சுத்தான் நான் எழுதிட்டிருக்கேன். துடுப்பு முள்ளு, செதிலு, எல்லாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"கவுண்டருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். ஆபரேஷன்னா அதைவிடப் பயம். எங்கம்மாவுக்கு அதுலதான் பார்வையே போச்சு."

 டாக்டரம்மா வலையை எடுத்து, தானே அந்த மீனைப் பிடித்துத் தனித் தொட்டியில் விட்டார். பிறகு, ஜாடியக்காவைப் பார்க்காமலே சொன்னார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். குழாய் மாறியிருக்கணும்னுதான் நான் வேண்டிக்கிட்டு இருந்தேன். இந்த மீனு நெஜமாவே அந்தப் பக்கத்துக் கிளையா இருந்தா, வரிவாலுக்குத் தனிப் பேரினம்னு நான் எழுதினது செல்லாது. பழி உங்க மேல விழுந்தா எனக்கு நிம்மதி. அப்படித்தான் இத்தனை நாளா இருந்தேன்."

அதற்கு ஜாடியக்கா, "டீ கொண்டாரட்டுமா மேடம்?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது இருவரும் படிக்கட்டில் சிரித்துவிட்டோம். ஆனால் அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு குழாய் மட்டும் அல்ல, நாற்பத்தொன்றையும் மறுபடி வெட்டுவது என்று முடிவானது. டிப்போ இனத்துக்குக் கோடு வந்த அந்த ஆண் மீன், மற்ற இனங்களுக்கு ஜாடியில் மீன் இருந்தது. டாக்டரம்மா வெட்டினார், கம்ப்யூட்டர் சார் எண்ணை உரக்கப் படித்தார், ஜாடியக்கா ஜாடியை எடுத்துக் கொடுத்து மூடினார். குழாயை அவர் தொடவே இல்லை. அதுவும் வலித்தது. இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. முடிவு வர இன்னும் மூன்று வாரம்.

வந்த அன்று கம்ப்யூட்டர் சார் படிகளில் தடதடவென்று இறங்கியது எனக்கு மேலே கேட்டது. நானும் பின்னாலேயே போனேன்.

"பதினேழு அதே இடத்துலதான் இருக்கு. புள்ளிவாலுங்களோடதான். பதினெட்டாம் குழாய்ல இந்தத் தடவை டிஎன்ஏ வந்துடுச்சு, அது வேற மீனு, புள்ளிவால்லயே வேற கிளை. குழாய் மாறல அக்கா. நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க."

ஜாடியக்கா அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டார்.

"மத்ததெல்லாம் சார்? பழைய குழாய், புதுக் குழாய், ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு, மரம் அப்படியேதான் இருக்கு."

"பாத்துடுங்க சார்."

அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்தொன்பதும் முப்பதும் இடம் மாறியிருந்தன. இரண்டும் ஒரே குட்டைத் தொடரைச் சேர்ந்த அக்கா தங்கை இனங்கள், மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. மாறினாலும் மரத்தின் வடிவம் மாறாது.

"இதை யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

"அதுதான் மேடம் பயமா இருக்கு" என்றார் ஜாடியக்கா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா அன்று மாலையே ஃபார்மலினில் இருந்த பழைய டிப்போ மீனை நுண்ணோக்கியில் வைத்தார். தலையின் மேல் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். எது எதன் மேல் படிகிறது என்பது கிளைக்குக் கிளை மாறும். வரிவால்களுக்கு நடுச் செதில்தான் எல்லாவற்றுக்கும் மேலே. இந்த மீனுக்கு அது அடியில் இருந்தது, புள்ளிவால்களைப் போலவே. மூன்று முறை பார்த்துவிட்டு எழுந்தார். "பதினோரு வருஷமா வாலையே பாத்துட்டிருந்திருக்கேன். நெத்தியப் பாக்கவே இல்ல."

கட்டுரை எட்டு மாதம் கழித்து வந்தது. வாலில் கோடு இந்தக் குடும்பத்தில் ஒரு முறை அல்ல, இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியது, ஆகவே கோட்டை வைத்து உறவு சொல்ல முடியாது என்று எழுதி, தான் அமைத்த பேரினத்தை டாக்டரம்மா தானே கலைத்தார். டிப்போ மீன், மலை எழும்புவதற்கு முன்பே புள்ளிவால்களின் மூதாதையரிடமிருந்து பிரிந்த கிளையாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். 'பஸ் டிப்போவில் வாழ்வது' என்று பொருள்படும் லத்தீன் பெயரை அதற்கு வைத்தார்கள். கணவர் அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப்போய் டயர் பிரிவில் ஒட்டிவைத்தார். இதுவரை யாரும் அதைச் சரியாக உச்சரித்ததில்லை.

இதற்கிடையில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஜாடியக்கா இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டார். மூன்றாவது முறை கணவர் லீவு போட்டுக் கையோடு கூட்டிப் போனார். "உனக்குக் கண்ணு போச்சுன்னா நான் என்ன செய்வேன், சட்டை பட்டனை யாரு தைப்பா?" என்று வழியெல்லாம் கிண்டல். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது கணவர்தான் தன் பெயரையே இரண்டு முறை தப்பாக எழுதினார். கண் பிழைத்தது. முதல் பத்து நாள் வெள்ளைச் சுவரெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று பயந்து மூன்று தடவை டாக்டருக்குப் போன் போட்டார். கவுண்டருக்கு யாரும் மாற்றவில்லை. ஆனால் துணுக்கு வெட்டும்போது ஒருவர் வெட்ட ஒருவர் எண் படிக்க வேண்டும் என்று மீன் பிரிவில் இப்போது விதி இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தது ஜாடியக்கா. டாக்டரம்மாவும் இப்போது தனியாக வெட்டுவதில்லை.

தீராதது ஒன்று உண்டு. தொட்டியில் வளர்ந்த மற்ற மூன்றும் ஆயுள் முடிந்து போய்விட்டன. உலகத்தில் அந்த மீனுக்கென்று இருப்பது டயர் அடுக்கிய அந்த மூலை மட்டும்தான். அடுத்த விரிவாக்கம் வரை தொடமாட்டோம் என்று மேலாளர் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த விரிவாக்கம் எப்போது என்று கடிதத்தில் இல்லை.

இந்த வருஷம் முதல் மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொட்டியது. நாங்கள் படிக்கட்டில் இருந்தபோது கணவரிடமிருந்து போன்.

"தண்ணி நிக்குது. கணுக்கால் அளவு இருக்கும்."

"குஞ்சு இருக்கா?"

"கலங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியல. நாளைக்குத் தெளிஞ்சதும் பாக்கறேன்."

"நாளைக்கா? இன்னிக்கே பாருங்க. பக்கத்துல எண்ணெய் எதுவும் ஒழுகலையே?"

"ஒழுகல."

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் ஜாடியக்கா. டப்பாவை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுக் குடையைத் தேடப் போனார்.